கொரோனா நோயாளியின் நெஞ்சில் காற்று கசிவது ஏன்? யார் தவறு அது?

ஒரு மகள் கேட்டிருக்கிறார். 2021 மே மாதம் அவருடைய அப்பாவுக்குக் கொரோனா. வயது 54, சர்க்கரை நோய் உண்டு. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் பைபாப் மாஸ்க்கில், அதாவது மிஷின் அழுத்தத்தோடு காற்றைத் தள்ளும் முகமூடியில், இருந்தார். ஒன்பதாம் நாள் விடியற்காலை கழுத்தும் கன்னமும் வீங்கி, கண்ணைத் திறக்க முடியாமல் போயிற்று. "காத்து லீக் ஆயிடுச்சு" என்று சொல்லி வலது விலாவில் டியூப் போட்டார்கள். மறுநாள் வென்டிலேட்டர். அதற்கு ஐந்தாம் நாள் போய்விட்டார். மகள் கேட்பது இதுதான்: மிஷினில் காற்றை அதிகமாக வைத்ததால் நுரையீரல் கிழிந்ததா? டியூப் சீக்கிரம் போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா? கடைசியாக, மூச்சுப் பயிற்சிக்குக் கொடுக்கும் கருவியைப் பற்றி ஒரு வரி: "தினமும் மூணு பந்து கருவியை ஊதச் சொல்லி அப்பாவை வற்புறுத்தினது நான்தான். அதனால் கிழிந்ததா?"

நான் நெஞ்சக நோய் மருத்துவர். இரண்டு அலைகளிலும் கொரோனா ஐசியூவில் இருந்தேன். நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் "யார் தவறு" என்ற கேள்விக்கு நுரையீரலுக்குள் என்ன நடந்தது என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

காற்று கசிந்தது என்றதும் நம் மனதில் வருவது சைக்கிள் டியூப் பஞ்சர். நுரையீரல் அப்படி ஒரே பை அல்ல. சுமார் 30 கோடி நுண்ணிய காற்றறைகள் சேர்ந்த ஒரு பஞ்சு. அந்தப் பஞ்சுக்குள் ரத்தக் குழாய்களும் மூச்சுக் கிளைகளும் மரக்கிளைபோல் ஓடுகின்றன. ஒவ்வொரு கிளையைச் சுற்றியும் மெல்லிய ஓர் உறை இருக்கிறது. வீட்டுச் சுவருக்குள் ஒயரைச் சுற்றி பைப் ஓடுமே, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். காற்றறையின் சுவர் கிழியும்போது பெரும்பாலும் அது ரத்தக் குழாயை ஒட்டியிருக்கும் அடிப்பக்கத்தில்தான் கிழிகிறது. வெளியேறும் காற்று அந்த உறைக்குள் புகுந்து, ஒயர் பைப் வழியே நகர்வதுபோல நகர்ந்து, நெஞ்சின் நடுப்பகுதிக்கு, அதாவது இதயமும் உணவுக்குழலும் மூச்சுக்குழலும் இருக்கும் இடத்துக்கு வந்து சேர்கிறது. அங்கே காற்று தங்கினால் நியூமோமீடியஸ்டினம். அங்கிருந்து மேலே கழுத்துக்கு ஏறித் தோலுக்கடியில் பரவினால் சர்ஜிக்கல் எம்ஃபிசீமா. நுரையீரலுக்கும் விலா எலும்புக் கூட்டுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் புகுந்து நுரையீரலை அமுக்கினால் நியூமோதோராக்ஸ். உங்கள் அப்பாவுக்குக் கழுத்தும் முகமும் வீங்கியது, வலது விலாவில் டியூப் போட்டது இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கடைசி இரண்டும் இருந்திருக்கின்றன. வழியில் இருக்கும் முதலாவதும் இருந்திருக்கத்தான் வேண்டும்.

இந்தப் பாதையைக் கண்டுபிடித்தவர் கனடாவைச் சேர்ந்த சார்ல்ஸ் மேக்லின். பூனைகளின் நுரையீரலில் சோதனை செய்து 1939-இல் எழுதினார். 1944-இல் மனைவி மேட்ஜ் மேக்லினோடு சேர்ந்து விரிவாக எழுதினார். கொரோனா காலத்தில் சி.டி. ஸ்கேனில் ரத்தக் குழாயை ஒட்டி மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரிந்த காற்றுக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். மிலான் நகர மருத்துவர்கள், அந்தக் கோடு தெரிந்த நோயாளிக்குச் சில நாட்களில் பெரிய கசிவு வரக்கூடும் என்று முன்கூட்டியே கணிக்க அதைப் பயன்படுத்தினார்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. மிஷினா காரணம்?

மிஷினே இல்லாத இடத்திலும் இது வந்திருக்கிறது. 2003-இல் சார்ஸ் நோய் ஹாங்காங்கைத் தாக்கியது. அதுவும் கொரோனா வைரஸ் குடும்பம்தான். அமாய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து வந்த 75 நோயாளிகளை மருத்துவர்கள் நாள்வாரியாகக் கவனித்து எழுதினார்கள். அவர்களில் 12 சதவீதம் பேருக்கு நெஞ்சின் நடுவில் தானாகவே காற்று கசிந்திருந்தது. 2020-இலும், ஆக்சிஜன் மாஸ்க் தவிர எதுவும் போடாத நோயாளிகளுக்கு இதே கசிவைப் பார்த்தோம்.

வென்டிலேட்டரில் இருந்தவர்களிடம் இது இன்னும் கூடுதல். நியூயார்க்கில் முதல் அலையின்போது வென்டிலேட்டரில் இருந்த 601 கொரோனா நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். 89 பேருக்கு, அதாவது 15 சதவீதத்துக்கு, காற்றுக் கசிவு. அதே காலத்தில் அதே ஆஸ்பத்திரியில் கொரோனா இல்லாமல் வென்டிலேட்டரில் இருந்த 196 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் கசிவு. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் வேறு காரணங்களால் நுரையீரல் கடுமையாகச் சிதைந்து வென்டிலேட்டரில் இருந்தவர்களிடம் 10 சதவீதம். மிஷின் ஒன்று, டாக்டர்கள் ஒன்று, ஆனால் கசிவு பல மடங்கு வேறு. நுரையீரலில்தான் வேறுபாடு இருக்கிறது.

என்ன வேறுபாடு? கொரோனா காற்றறைச் சுவரையே அரிக்கிறது. சுவரின் உள்பூச்சுச் செல்கள் உதிர்கின்றன, பக்கத்து நுண்குழாய்களில் ரத்தம் உறைகிறது, சில இடம் இறுகிப் போகிறது, சில இடம் தளர்ந்து சின்னச் சின்னக் குமிழாகிறது. இறுகிய பகுதியும் தளர்ந்த பகுதியும் சந்திக்கும் எல்லையில்தான் இழுவிசை முழுவதும் விழும். பழைய வேட்டியில் ஒட்டுப்போட்ட இடத்தின் ஓரம்தானே முதலில் கிழிகிறது. இது முதல் வாரத்தில் நடப்பதில்லை, இரண்டாம் மூன்றாம் வாரத்தில் நடக்கிறது. உங்கள் அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள் என்றால், காய்ச்சல் தொடங்கி ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகியிருக்கும். நான் பார்த்த கசிவுகளில் பெரும்பாலானவை வந்த காலமும் அதுதான். டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும் என்பதும் உண்மை. ஆனால் வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகளின் மரணத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்த மருந்து அது. அதைக் கொடுக்காமல் இருந்திருக்க முடியாது.

அடுத்து மூச்சின் விசை. இதைத்தான் குடும்பத்தாருக்கு யாரும் உட்கார்ந்து விளக்கியிருக்க மாட்டார்கள், எங்களுக்கும் நேரமிருக்கவில்லை. காற்றறையை விரிக்கும் அழுத்தம் மிஷின் தரும் அழுத்தம் மட்டும் அல்ல. மிஷின் உள்ளேயிருந்து தள்ளுகிறது. நோயாளியின் நெஞ்சுத் தசைகளும் உதரவிதானமும் வெளியேயிருந்து இழுக்கின்றன. இரண்டும் கூடும். பைபாப்பில் 15 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் வைத்திருக்கிறோம் என்று எடுத்துக்கொள்வோம், அது மிகச் சாதாரணம். மூச்சுக்குத் திணறும் மனிதர் தன் பங்குக்கு 20 இழுத்தால், காற்றறைச் சுவரின்மேல் 35 விழுகிறது. வென்டிலேட்டரில் 30-ஐத் தாண்டக்கூடாது என்று காக்கிறோம். மாஸ்க்கிலோ, மானிட்டரில் 15 என்றுதான் தெரியும். மீதி 20 எந்தத் திரையிலும் தெரியாது. கழுத்துத் தசை துடிப்பதிலும், விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே குழிவதிலும்தான் அது தெரியும். நோயாளி தன் மூச்சாலேயே தன் நுரையீரலைக் காயப்படுத்திக்கொள்வது என்று இதற்குப் பெயர். 2017-இல், கொரோனாவுக்கு முன்பே, பிரோஷார், ஸ்லட்ஸ்கி, பெசெண்டி என்ற மூன்று மருத்துவர்கள் இதை விரிவாக எழுதிவிட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நோயில் நுரையீரலின் பெரும்பகுதி நீர் கோத்துக் கிடக்கும்போது காற்று போகும் பகுதி சுருங்கிவிடுகிறது. லூச்சியானோ கட்டினோனி என்ற இத்தாலிய மருத்துவர் சி.டி. ஸ்கேனில் அளந்து, வளர்ந்த மனிதரிடம் ஐந்தாறு வயதுக் குழந்தையின் நுரையீரல் அளவுக்குத்தான் மிஞ்சுகிறது என்று காட்டினார். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வுக்குப் பிறகுதான் வென்டிலேட்டரில் சிறிய மூச்சு கொடுக்கும் முறை உறுதிப்பட்டது: உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடைக்கு, கிலோவுக்கு 6 மில்லி. 165 சென்டிமீட்டர் உயர ஆணுக்கு அது ஒரு மூச்சுக்கு 370 மில்லிதான். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைவிடக் குறைவு. இந்தக் கணக்கைக் கறாராகக் கடைப்பிடித்த இடங்களிலும் கொரோனா நோயாளிகளுக்குக் கசிவு வந்தது. இத்தாலியில், நுரையீரலைப் பாதுகாக்கும் முறையில் வென்டிலேட்டர் வைத்தும், கொரோனா நோயாளிகளில் 13.6 சதவீதத்துக்கு நெஞ்சின் நடுவில் காற்று. அதே கடுமையில் வேறு நோய் வந்தவர்களில் 1.9 சதவீதம்.

ஆகவே, மாஸ்க்கில் அழுத்தத்தை ஏற்றியது ஒரு பங்கு வகித்திருக்கலாம். ஆனால் அந்த அழுத்தத்தை ஏற்றாமல் விட்டால் ஆக்சிஜன் 80-க்குக் கீழே போயிருக்கும். மருத்துவரின் கை நேரடியாகக் காரணமாகும் கசிவுகளும் உண்டு. மருந்து ஏற்றக் கழுத்தின் பெரிய ரத்தக் குழாயில் சென்ட்ரல் லைன் என்ற குழாய் போடும்போது ஊசி நுரையீரல் உச்சியைத் தொடலாம், கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கை அவசரத்தில் பலமாக அழுத்தலாம். உங்கள் அப்பாவுக்கு அந்த நேரத்தில் இது எதுவும் செய்யவில்லை என்று நீங்கள் எழுதியதிலிருந்து தெரிகிறது. மாஸ்க்கில் எத்தனை நாள் வைத்துப் பார்ப்பது, எப்போது வென்டிலேட்டருக்கு மாற்றுவது என்பதில் மருத்துவர்களுக்குள் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. முன்னாடியே மாற்றியிருந்தால் அவருடைய சொந்த இழுவையை மருந்தால் அடக்கியிருக்கலாம். ஆனால் அந்த மே மாதத்தில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் புதிய தொற்று 36,000-ஐத் தாண்டியது. வென்டிலேட்டர் படுக்கை எப்போது காலியாகும் என்று வரிசையில் பெயர் எழுதி வைத்திருந்த நாட்கள் அவை. அந்தத் தாமதத்தை ஒரு மருத்துவரின் தவறு என்று என்னால் சொல்ல முடியாது.

கசிந்ததைக் கண்டுபிடித்த விதம் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் அந்த விடியற்காலையைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறீர்கள். என் வார்டில் நாற்பதைத் தாண்டிய ஒருவர் இருந்தார், மூக்குக் குழாய் வழியே வேகமாகச் செலுத்தும் ஹை ஃப்ளோ ஆக்சிஜனில். இரவு மூன்று மணிக்கு நர்ஸைக் கூப்பிட்டு, "சிஸ்டர், கழுத்தைத் தொட்டா நறநறங்குது" என்றார். குரல் மாறியிருந்தது, மூக்கால் பேசுவதுபோல். நான் காலர் எலும்புக்கு மேல் இரண்டு விரலை வைத்து அழுத்தினேன். பொரி பாக்கெட்டை அழுத்தும்போது உள்ளே நொறுங்குமே, அந்த உணர்வு விரல் நுனியில். கையுறை இரண்டு அடுக்கு போட்டிருந்தும் அது தெரிந்தது. அரை மணி நேரத்தில் அந்த நறநறப்பு மார்புவரை இறங்கிவிட்டது. தோலுக்கடியில் போன காற்று பார்ப்பதற்குப் பயங்கரமாக இருக்கும். முகம் அடையாளமே தெரியாமல் வீங்கும், இமை மூடிக்கொள்ளும். ஆனால் தோலுக்கடியில் இருக்கும் காற்று தானாக உயிரை எடுப்பது மிக அரிது. உடல் அதை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். அப்பாவின் முகத்தை அந்த நிலையில் பார்த்தது உங்கள் மனதில் தங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வீக்கம் அவருக்குக் கொடுத்தது பெரும்பாலும் இறுக்கமும் பயமும்தான். வலி அவ்வளவாக இருந்திருக்காது.

ஆபத்து உள்ளே இருப்பது. விலாவுக்கும் நுரையீரலுக்கும் இடையே காற்று ஒருவழிக் கதவுபோல் உள்ளே மட்டும் போய் வெளியே வராமல் தேங்கினால், நுரையீரல் சுருங்கும், இதயமும் பெரிய ரத்தக் குழாய்களும் ஒரு பக்கமாகத் தள்ளப்படும், பிரஷர் விழும். அது நிமிடக் கணக்கு. எக்ஸ்ரேக்குக் காத்திருக்காமல் ஊசியைக் குத்திக் காற்றை வெளியே விட வேண்டும். அவ்வளவு அவசரம் இல்லாதபோது எக்ஸ்ரே எடுத்து, இடத்தை உறுதி செய்து, டியூப் போடுகிறோம்: அக்குளுக்குக் கீழே, ஏறக்குறைய ஐந்தாவது விலா இடைவெளியில். நெஞ்சின் நடுவில் மட்டும் காற்று இருந்தால் டியூப் தேவையே இல்லை. அழுத்தத்தைக் குறைத்து, இருமலை அடக்கி, காத்திருப்போம். தேவையில்லாமல் டியூப் போடுவது புதிதாக ஒரு காயம். அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு: கழுத்து வீங்கியது விடியற்காலை, டியூப் போட்டது அன்று காலை பத்து மணி என்று எழுதியிருக்கிறீர்கள். நடுவில் இரண்டு முறை எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். முதல் படத்தில் விலாப்பக்கம் காற்று இல்லாமல் இரண்டாவதில் வந்திருந்தால், அவர்கள் சரியான நேரத்தில்தான் போட்டிருக்கிறார்கள். பிரஷர் விழாமல் இருந்ததும் அதையே காட்டுகிறது.

டியூபின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டிலில் போகும். அதில் தண்ணீர் இருக்கும், குழாயின் நுனி இரண்டு சென்டிமீட்டர் நீருக்குள் மூழ்கியிருக்கும். காற்று வெளியே வரலாம், உள்ளே திரும்பப் போக முடியாது. எளிமையான ஏற்பாடு. ஜெர்மனியில் பூலாவ் என்ற மருத்துவர் 1891-இல் வெளியிட்ட முறைதான் இன்றைக்கும் அடிப்படை. குமிழ் வந்துகொண்டிருக்கும்வரை நுரையீரலில் ஓட்டை திறந்திருக்கிறது என்று பொருள். நான் சொன்ன அந்த நோயாளியின் மனைவி கவச உடையில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பாட்டிலையே பார்த்துக்கொண்டிருப்பார். "சார், இன்னிக்கு இருமினா மட்டும்தான் வருது" என்று பதினோராம் நாள் சொன்னார். அடுத்த நாள் இருமியும் வரவில்லை. அந்த நோயாளி பிழைத்தார். அவருக்கும் உங்கள் அப்பாவுக்கும் செய்த வைத்தியம் ஏறக்குறைய ஒன்றுதான். அவருடைய நுரையீரலில் நோய் தொடாத பகுதி கூடுதலாக மிஞ்சியிருந்தது. பிரிட்டனில் 16 மருத்துவமனைகளில் இப்படிக் கசிந்த 71 பேரைத் தொகுத்துப் பார்த்தபோது, நியூமோதோராக்ஸ் வந்தவர்களில் 63 சதவீதம் பேர் 28 நாளைக் கடந்து உயிரோடு இருந்தார்கள். வயது எழுபதைத் தாண்டியவர்களிடம் அது 42 சதவீதத்துக்கும் கீழே. காற்றுக் கசிவு மட்டுமே மரணத் தீர்ப்பு அல்ல. அடியில் இருக்கும் நோய் எவ்வளவு தின்றுவிட்டது என்பதுதான் தீர்மானிக்கிறது.

பிழைத்து வீட்டுக்கு வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக இரண்டு வார்த்தை. எக்ஸ்ரேயில் காற்று முழுக்கப் போய்விட்டது என்று உறுதியான பிறகும் குறைந்தது ஒரு வாரம் கழித்துத்தான் விமானம். காற்று சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலடியில் நீந்துவது இனி வேண்டாம். பீடி சிகரெட் அறவே கூடாது. டிஸ்சார்ஜ் ஆன பிறகு வாரங்கள் கழித்தும் கசிவு வந்திருக்கிறது. திடீரென்று ஒரு பக்க நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் சேர்ந்து வந்தால் வாய்வுப் பிடிப்பு என்று ஓமவாட்டர் குடித்துக்கொண்டிருக்காமல் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

கடைசியாக அந்த மூன்று பந்து. அந்தக் கருவியை எல்லோரும் "ஊது" என்றுதான் சொல்கிறோம், ஆனால் அதில் பந்து ஏறுவது உள்ளே இழுக்கும்போது. விநாடிக்கு 600 மில்லி இழுத்தால் முதல் பந்து, 900-க்கு இரண்டாவது, 1200-க்கு மூன்றாவது. அப்பாவால் ஒரு பந்துக்கு மேல் ஏற்ற முடியவில்லை, ஏறினதும் உங்களைப் பார்த்துக் கட்டைவிரல் காட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாளைக்கு இருபது முப்பது முறை என்று வைத்துக்கொண்டாலும் ஒன்பது நாளில் முந்நூறைத் தொடாது. ஆனால் அவர் மாஸ்க்குக்குள் நிமிடத்துக்கு 35 முறை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார் என்று கேஸ் ஷீட்டில் இருக்கிறது. ஒன்பது நாளுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், நாலரை லட்சம் மூச்சு. அதில் பெரும்பாலானவை அந்தப் பந்தை ஏற்றியதைவிடப் பலமாக, தன்னை மறந்து இழுத்த மூச்சுகள். நடுவில் இருமல் வேறு. இருமலின்போது நெஞ்சுக்குள் ஏறும் அழுத்தத்துக்கு முன்னால் அந்தப் பிளாஸ்டிக் கருவி ஒன்றுமே இல்லை. கிழித்தது அந்த நாலரை லட்சத்தில் ஏதோ ஒன்று. உங்கள் அம்மா அந்தக் கருவியை இன்னும் பீரோவுக்குமேல் வைத்துக்கொண்டு அதைப் பார்க்கும்போதெல்லாம் அழுகிறார் என்றால், இந்தக் கணக்கை அவருக்கும் சொல்லுங்கள்.